சாமியை நேர்காணல் செய்த சீடர்

மலையடியில் ஒரு மடம். பெயர் எதற்கு? மடத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அதற்குக் கணக்கு டீச்சர் தேவைப்பட்டது.

ஆள் எடுக்கும் பொறுப்பு சிதம்பரதாணுவுக்கு. ஆலையில் முப்பது வருஷம் ஆள் எடுத்து ஓய்வு பெற்றவர். பிறகு மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குருவான சாமியைவிட அவருக்குப் பத்து வயது கூட.

அன்று வந்தவள் ஆவுடைச்செல்வி. ஒன்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள்.

"கடைசி ஏழு வருஷம் காணோமே?" என்றார் சிதம்பரதாணு, அவளுடைய படிவத்தைப் பார்த்தபடி.

"மாமியாருக்குப் பக்கவாதம் சார். அஞ்சு வருஷம் படுக்கை. நான்தான் பார்த்தேன். அவங்க போன பிறகு ரெண்டு வருஷமா வேலை தேடுறேன்."

"ரெண்டு வருஷமா யாரும் எடுக்கலைன்னா ஏதாவது காரணம் இருக்கணுமே?"

"இருக்கு சார். எல்லாரும் இதையேதான் கேட்டாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்.

அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டாள். "சொல்லி அனுப்ப வேண்டாம் சார். அடுத்த வாரம் திருப்பூர் போறேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுற வேலை. அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு இடம் கேட்டுப் பார்ப்போம்னு வந்தேன். உட்கார வச்சுப் பேசினீங்க, நன்றி."

போய்விட்டாள்.

சாமி பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வெற்றுப் படிவம் ஒன்று இருக்கா?"

"இருக்கு சாமி."

"எடும். என்னைக் கேளும்."

"உங்களையா?"

"மடத்துக்குச் சாமி வேண்டும். நான் வந்திருக்கேன். கேளும்."

சிதம்பரதாணு பேனாவைத் திறந்தார். "முன் அனுபவம்?"

"தீப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். ரெண்டு வருஷம்."

"விட்டது ஏன்?"

"பிடிக்கலை."

எழுதினார். கை வழக்கம் போல ஓடியது. "அப்புறம்?"

"பதினோரு வருஷம் வேலையில்லை."

பேனா நின்றது. "சாமி, அது தவம். மேலே குகையில்…"

"உம்ம தாளில் தவத்துக்குக் கட்டம் இருக்கா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லை."

"இருக்கிறதில் எழுதும்."

'இடைவெளி' என்ற கட்டத்தில் பதினொன்று என்று எழுதினார். பேனாவை மூடப் போனார்.

"கேளும்வே. அவளைக் கேட்டீர்ல?"

"அந்தப் பதினோரு வருஷம்… என்ன செய்தீங்க?"

"முக்கால்வாசி தூங்கினேன்."

சிதம்பரதாணு நிமிர்ந்து பார்த்தார்.

"மழைக்காலத்தில் குகையில் வேற என்ன செய்ய? அந்தப் பொம்பளை அஞ்சு வருஷத்தில் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கியிருப்பாளா? கேட்டீரா?"

"கேட்கலை."

"சரி. எனக்கு வேலை உண்டா?"

சிதம்பரதாணு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். முப்பது வருஷம் படித்தது போலவே படித்தார்.

"இல்லை சாமி."

"பஸ் எத்தனை மணிக்கு?"

செருப்பு போடாமல் ஓடினார்.

பஸ் வந்து நின்றிருந்தது. ஆவுடைச்செல்வி படியில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

"ஏறலை, ஏறலை!" என்று கத்தினார்.

"உம்மை யாருய்யா கேட்டா? அந்தம்மா சொல்லட்டும்" என்றார் கண்டக்டர்.

அவள் திரும்பினாள். "என்ன சார்?"

"வேலை உங்களுக்குத்தான்மா."

"பாவம்னு குடுக்கிறீங்களா?"

"இல்லைம்மா." மூச்சு வாங்கியது. "உங்ககிட்டக் கேட்டதையே சாமிகிட்டயும் கேட்டேன். அவரும் தேறலை. அவரை வெளியே அனுப்ப முடியாதே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணீரும். கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ் போனது.

மடத்துக்கு வந்ததும் சாமி காலில் விழப் போனாள்.

"புளி மிதிபடும். நில்லும்மா."

நின்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா எல்லாரும் கேட்டாங்க சாமி. நீங்க ஒருத்தர்தான் அந்த ஏழு வருஷத்தைப் பத்தி ஒண்ணுமே கேட்கலை."

சாமியின் கை வேலையை நிறுத்தியது.

"நான் மேலே இருந்தப்ப அடிவாரத்திலிருந்து ஒருத்தி தினமும் கஞ்சி கொண்டுவருவா. பதினோரு வருஷம். என்ன செய்யறேன்னு ஒரு நாளும் கேட்டதில்லை."

மலைப்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உப்பு போதுமான்னு கேட்பா."