சிரட்டைக்கு அடியில்

"தூக்கம் வரலை அம்மா," என்றார் தாணுமாலயன்.

உமையாள் அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"இருபத்திரண்டு வருஷமா."

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

தாணுமாலயன் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபது. அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. மலையடியில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அம்மையைத் தேடித்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"மணிக்கு ஒரு தடவை கண் தானா முழிச்சுக்குது. எழுந்து போய்க் கதவைப் பார்ப்பேன். வீட்டில் நான் ஒருத்தன்தான். இருந்தாலும் எண்ணிட்டுத்தான் படுப்பேன்."

"எத்தனை வருது?"

"ஒண்ணு."

அடுப்படியிலிருந்து சமையல்காரி செங்கமலம் சிரித்தாள்.

"யாரும் தப்பிச்சுப் போகலையே, நல்லதாப் போச்சு!"

அம்மை பக்கத்தில் இருந்த ஓலைப்பெட்டியின் மூடியைத் திறந்தார்.

உள்ளே ஓர் ஆமைக்குஞ்சு. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்த அளவு. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள். யாரோ அவசரத்தில் போட்ட கோலம் போல இருந்தது.

"சரிவில் புல் எல்லாம் எரிஞ்சு போச்சு. சாம்பலுக்குள்ளேருந்து இது ஊர்ந்து வந்தது. இப்போ விட்டால் காக்கை கொத்திடும். மறுபடி புல் முளைக்கிற வரைக்கும் இதுக்கு உள்ளே ஒரு வீடு வேணும்."

"நான் தூக்கம் கேட்டேன் அம்மா."

"கேட்டீங்க," என்றார் அம்மை.

மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

*

தாணுமாலயனுக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

பின்னறையில் மூன்றடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. அதன் முன்பக்கப் பலகையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி பொருத்தினார்.

தோட்டத்து மண்ணைச் சலித்தார். தேங்காய் நார்த்தூளைக் கலந்தார். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அந்த ஈரம் வரும்வரை தெளித்தார்.

புது அகல் ஒன்றை, விளிம்பு மண்ணோடு மண்ணாக இருக்கும்படி புதைத்துத் தண்ணீர் ஊற்றினார். குஞ்சு இறங்கிக் குடிக்கலாம். மூழ்காது.

பூனைக்குப் பயந்து மேலே கம்பிவலை. வலைக்கு நடுவில், குளிருக்கு ஒரு குண்டு பல்பு.

எல்லாம் முடிந்ததும் வாசற்படியில் நின்று பார்த்தார். பெட்டியின் நான்கு மூலையும் தெரிந்தன. ஒளிய ஓர் இடம் இல்லை. அவருக்குத் திருப்தி.

அம்மை வந்தார். பல்பை மட்டும் ஓர் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"அந்த மூலைக்குச் சூடு போகாதே அம்மா?"

"போகாது. சூடு வேணும்னா இங்கே வரும். வேணாம்னா அங்கே போகும்."

"அதுவா முடிவு பண்ணுமா?"

"வெயிலில் நின்னா நீங்க யாரைக் கேட்டு நிழலுக்குப் போவீங்க?"

தாணுமாலயன் யோசித்தார்.

"எங்க ஜெயிலில் அதுக்கு மணி அடிப்பாங்க," என்றார்.

*

குஞ்சு சாப்பிடவில்லை.

முதல் இரண்டு நாளும் கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் தெரிகிற பக்கம் வழி என்று நினைத்திருக்கும். மூன்றாம் நாள் அதையும் விட்டுவிட்டது. ஒரு மூலையில் தலையை இழுத்துக்கொண்டு கிடந்தது. செம்பருத்தி இலை வைத்தபடியே வாடியது.

செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஜெயிலரே, உங்க கைதி உண்ணாவிரதமா?"

"நான் ஜெயிலர் இல்லை. வார்டர்."

"அது ஆமைக்குத் தெரியுமா?"

நான்காம் நாள் அவர் குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முந்தாநாள் இருந்த கனம் இல்லை.

"செத்துடும்போல இருக்கு அம்மா."

அம்மை அடுப்படிக்குப் போய் ஒரு சிரட்டையோடு வந்தார். தேங்காய் துருவிய வெறும் சிரட்டை. விளிம்பில் அரிவாளால் ஒரு வாசல் கொத்தி, பல்பு இல்லாத பக்கம் கவிழ்த்து வைத்தார்.

குஞ்சு தலையை நீட்டியது. ஓர் அடி வைத்தது. நின்றது. பிறகு ஏதோ கனவில் நடப்பதுபோல நடந்து, சிரட்டைக்குள் போனது.

தாணுமாலயன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

"இப்போ தெரியலையே!"

அம்மை போய்விட்டிருந்தார்.

ஒரு மணி நேரம் பொறுத்தார். வலையை விலக்கிச் சிரட்டையைத் தூக்கினார். இருந்தது.

அடுத்த மணிக்கும் இருந்தது.

*

ஆறாம் நாள் மதியம்.

"சிரட்டை வச்சும் சாப்பிடலை அம்மா. கண்ணே திறக்கலை."

"உள்ளேதான் இருக்கா?"

"இருக்கு. தூக்கிப் பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

அவர் வேறு ஒன்றைச் சொன்னார்.

"பார்க்காம விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் அம்மா. ஜெயிலில் ஒரு கைதி காய்ச்சலில் கிடந்தார். நான் ஒரு மணி நேரம் கண் அசந்துட்டேன். போய்ப் பார்த்தப்போ உயிர் இல்லை. நான் முழிச்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. எண்ண ஆரம்பிச்சேன்."

தென்னங்கீற்று நிழல் தரையில் ஒரு சாண் நகர்ந்தது.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார் அம்மை.

"ஆச்சு."

"பக்கத்து அறையில் போய்ப் படுங்க."

*

அறை குளிர்ச்சியாக இருந்தது. மேலே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே மேகம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. தாணுமாலயன் அதையே பார்த்தார். மேகம் நின்று, அறை நகர்வது போலத் தோன்றியது.

கண் சொக்கியது.

கதவு திறந்தது. அம்மை நின்றார்.

"ஒண்ணு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தாணுமாலயன் எழுந்து உட்கார்ந்தார். ஒன்றும் புரியாமல் மறுபடி படுத்தார்.

இந்த முறை ஒரு நீண்ட நடைவழி வந்தது. இரண்டு பக்கமும் கம்பிக்கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் தரையில் ஒரு சிரட்டை கவிழ்ந்திருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிச் சிரட்டை ஆள் உயரத்துக்கு இருந்தது. குனிந்து அதன் விளிம்பில் கை வைத்தார்.

கதவு திறந்தது.

"ஒண்ணு."

சாத்தியது.

இனிமேல் தூங்கக் கூடாது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எந்த நிமிடம் கதவு திறக்கும் என்று அதையே பார்த்தார். நாக்கு வறண்டது. செம்பில் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக் குடிக்கத் தோன்றவில்லை.

கதவு திறந்தது.

"அம்மா, நான் எங்கேயும் போகலை!"

"தெரியும்," என்றார் அம்மை.

"பின்னே எதுக்குத் திறக்கிறீங்க?"

அம்மை செம்பைப் பார்த்தார். நிறைந்திருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

தாணுமாலயனும் செம்பைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

பிறகு எழுந்து பின்னறைக்குப் போனார்.

*

முதலில் பெட்டியைத் திருப்பி, கண்ணாடிப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தார்.

அகலில் புதுத் தண்ணீர் ஊற்றினார். சிரட்டையின் வாசலுக்கு நான்கு விரற்கடை தள்ளி, பறித்த ஈரத்தோடு ஒரு செம்பருத்தி இலை வைத்தார். கம்பிவலையை மூடினார்.

பெட்டிக்கு முதுகு காட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் கை தானாகப் பின்னால் போனது. பாதியில் அதைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

செத்திருந்தால்?

உள்ளே, இருட்டில், இப்போதே, தனியாகச் செத்திருந்தால்?

இன்னொரு கையையும் தொடைக்கு அடியில் வைத்தார்.

வெளியே மழை தொடங்கியது. எரிந்த சரிவின் மேல் முதல் மழை. சாம்பல் நனைகிற வாசனை அறைக்குள் வந்தது. கூரை ஓட்டின் மேல் ஒரே சத்தம், விடாத சத்தம். எங்கோ தூரத்தில் பலர் ஒன்றாக உறங்குவது போன்ற சத்தம். கரிந்த மண்ணுக்கு அடியில் புல்வேர்கள் திரும்பிப் படுப்பதாக அவருக்குத் தோன்றியது.

அவர் தோள்கள் தளர்ந்தன. கைகள் எப்போது தொடைக்கு வெளியே வந்தன என்று அவருக்கே தெரியாது. மடியில் மலர்ந்து கிடந்தன.

அம்மை வாசற்படியில் வந்து நின்றார். பின்னால் செங்கமலம், கையில் காப்பித் தம்ளரோடு.

அங்கே நின்றால் கம்பிவலை வழியே பெட்டிக்குள் தெரியும்.

தாணுமாலயனின் முதுகுக்குப் பின்னால் குஞ்சு வெளியே வந்திருந்தது. முன்காலால் இலையை மிதித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, இழுத்து இழுத்துக் கடித்தது. இலையில் பாதி இல்லை.

செங்கமலம் வாயைத் திறந்தாள். அம்மை அவள் கையைப் பிடித்தார்.

"ஐயா," என்றார் மெதுவாக. "ஆமை உள்ளே இருக்கா?"

தாணுமாலயன் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியலை அம்மா," என்றார்.

கொட்டாவி வந்தது.