கரிச்சான் வால் பிளந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கரிச்சான் குருவியின் வால் பிளவில்லாமல் விசிறி போல வட்டமாக விரியும்.

ஏரிக்கரை இலுப்பை மரத்தில் மையாள் என்றொரு கரிச்சான் இருந்தாள். மாடு மேயும் இடத்தில் கிளம்பும் வெட்டுக்கிளியைப் பறந்தபடியே பிடித்துத் தின்று பிழைப்பவள். கீழ்க்கிளையில் அன்னக்கொடி என்ற மணிப்புறா குடியிருந்தாள்.

அந்தக் காட்டை ஆண்ட இராசாளி ஓர் ஆணை போட்டிருந்தான். அவன் இரை எடுத்து முடிக்கும்வரை ஒரு பறவையும் குரல் கொடுக்கக் கூடாது. விடியலில் ஓசையின்றி வந்து கூட்டுக்கொரு குஞ்சாகத் தூக்கிப் போவான். விழித்திருப்பவர்களும் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒருநாள் அன்னக்கொடியின் குஞ்சு போயிற்று.

"ஒரு சத்தம் கேட்டிருந்தால் இறக்கைக்குள் இழுத்திருப்பேனே அக்கா!" என்று அவள் கதறினாள். "இன்னொன்று மிச்சமிருக்கிறது. நாளைக்கு அதற்கும் வருவானே!"

"நாளைக்குச் சத்தம் கேட்கும்" என்றாள் மையாள்.

மைனாக்கள் பதறின. "உன் உடம்பு அவன் நகத்துக்குக் காணுமா?"

"காணாது. அதற்காகத் தொண்டையையும் அவனிடமா கொடுப்பேன்?"

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே மர உச்சியில் அமர்ந்து உரக்கப் பாடினாள். காடே விழித்துக்கொண்டது. தாய்கள் குஞ்சுகளை மூடிக்கொண்டார்கள். இராசாளி வெறுங்காலோடு திரும்ப வேண்டியதாயிற்று.

"யாரடி அது?"

"நான்தான், மையாள்."

"தப்பு என்று சொல். உயிரோடு விடுகிறேன்."

"விடிந்ததைச் சொன்னேன். இதிலென்ன தப்பு?"

இராசாளி பாய்ந்தான். அவள் மேலே எழும்பி, அவன் முதுகிலேயே இறங்கிப் பிடரியைக் கொத்தினாள். வலி தாங்காமல் அவன் வானத்தில் மல்லாக்கப் புரண்டு அவள் வாலைப் பற்றினான். நடு இறகுகள் கொத்தாகப் பிய்ந்து வந்தன.

மையாள் தலைகீழாக விழுந்தாள். தரை தொடும் முன் வாலை ஒருபக்கம் வளைத்துப் பார்த்தாள். பிளந்த வால் அவளைச் சட்டென்று திருப்பி மேலேற்றியது. அப்படியே ஏரிக்கு அக்கரைவரை அவனைத் துரத்திவிட்டுத்தான் திரும்பினாள்.

"உன் அழகு வால் போயிற்றே அக்கா!" என்று அழுதாள் அன்னக்கொடி.

"போகட்டும். குஞ்சுக்கு இரை தேடிக்கொண்டு வா. அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அன்று பிளந்த வால்தான் இன்றுவரை கரிச்சானுக்கு இருக்கிறது. அன்று முதல்தான் எல்லாப் பறவைக்கும் முன்னே அது இருட்டிலேயே பாடுகிறது. பருந்தைக் கண்டால் விரட்டுகிறது. புறாக்களும் கரிச்சான் கூடு கட்டிய மரமாகப் பார்த்துத்தான் குடியேறுகின்றன.