வெள்ளிவிழாவில் காலியாக இருந்த நாற்காலி

நியாயம் பேசத் தெரிந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கதை முடியும்போது வழக்கு உங்கள் கைக்குத்தான் வரப்போகிறது.

செங்குளத்தில் பொது நிர்வாகம் கற்பிக்கும் பட்டமேற்படிப்புக் கல்லூரி ஒன்று இருந்தது. ஊரை எப்படி நடத்துவது என்று, ஊருக்கு வெளியே மதில்சுவருக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற இடம். குறை சொல்லவில்லை, அங்கே படித்த பலர் நல்ல அதிகாரிகள் ஆனார்கள். செவ்வாய்க்கிழமை அங்கே வகுப்பு கிடையாது, களப்பணி நாள். அதனால் கூட்டமோ விழாவோ எதுவானாலும் செவ்வாயில்தான் வைப்பார்கள். அப்படியே பழகிப்போய்விட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆண்டுவிழாவில் முன்வரிசையின் நடு நாற்காலி, கல்லூரி சொன்ன யோசனையால் வாழ்க்கை மாறிய யாராவது ஒருவருக்கு. எவ்வளவு பெரிய விருந்தினர் வந்தாலும் அதற்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். நடு நாற்காலிக்காரர்தான் முதலில் பேசுவார். நல்லது நடந்தவர்களாகப் பார்த்துத்தான் இதுவரை கூப்பிட்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன!

வெள்ளிவிழா ஆண்டில் மரகதவல்லி புதிய இயக்குநரானாள். எல்லோரும் பாராட்டினார்கள். அவளுக்கோ உள்ளே முள் தைத்தது. இளம் விரிவுரையாளராக இருந்தபோது, பஸ் நிலையத்தை ஒட்டி நடந்த செவ்வாய்ச் சந்தையைப் புறவழிச்சாலைக்கு மாற்றலாம் என்று நகராட்சிக்கு யோசனை சொன்னவள் அவள். கடைக்காரர்களின் கருத்தைக் கேட்கக் கல்லூரி மண்டபத்தில் ஒரு காலைக் கூட்டமும் போட்டாள். ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் அறிவித்தும் ஒரு கடைக்காரர்கூட வரவில்லை. ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதினாள். அப்போது இயக்குநராக இருந்த பூவராகன் கையெழுத்துப் போட்டார். சந்தை இடம் மாறியது.

ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத அந்த வெட்டவெளிக்கு ஜனங்கள் அவ்வளவாகப் போகவில்லை. கீரை விற்கும் செல்லக்கனிக்குச் சந்தை வியாபாரம் பாதியானது. மற்ற நாட்களில் கூடையைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக அலைந்தாள். மரகதவல்லியின் வாசலிலும் அவள் குரல் கேட்கும். மரகதவல்லி கதவுக்குப் பின்னால் நின்றுவிடுவாள், வாங்கப் போகமாட்டாள். ‘ஒரு தடவை நேரில் போய்க் கேட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?’ என்று மனசு குத்தும்.

வெள்ளிவிழாவில் நடு நாற்காலி செல்லக்கனிக்கே என்று முடிவுசெய்து, ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போனாள். செல்லக்கனி மறுநாளைக்குக் கீரை கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க காலேஜ் விழாவுக்கு நீங்க வரணும்க்கா. நீங்கதான் முதல்ல பேசணும். எங்களத் திட்டினாலும் சரி.”

“நானா? என்னைக்கும்மா?”

“வர்ற செவ்வாய்க்கிழமை, காலையில பத்து மணிக்கு.”

செல்லக்கனி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “செவ்வாக்கெழமையா? சரிம்மா, பாப்போம்” என்று அடுத்த கட்டை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு பழைய கோபமாகத்தான் மரகதவல்லிக்குப் பட்டது.

விஷயம் தெரிந்து பூவராகன் தடுத்தார். “மேடையில வச்சு மன்னிப்பு கேக்காத மரகதம். அத்தனை பேர் முன்னால மாட்டேன்னு சொல்ல அந்தம்மாவுக்கு வாய் வருமா? உனக்குப் பாரம் எறங்கும், அவங்க தலையில ஏறும். கையெழுத்துப் போட்டது நான். அது என்னோடயே போகட்டும்.” விழாவுக்கு வந்தார், கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மண்டபம் நிரம்பியது. நடு நாற்காலி மட்டும் காலி. வெகுநேரம் காத்திருந்தார்கள். நாற்காலியை எடுத்துவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு மரகதவல்லி கூடாதென்றாள். மேடையேறி, அந்த நாற்காலியைக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். “அவங்க வரல. எங்கள மன்னிக்க அவங்களுக்கு மனசில்ல. அதுவும் நியாயம்தான்” என்று முடித்தாள். மண்டபமே எழுந்து கைதட்டியது. குற்றத்தைச் சொன்னதற்குக் கைதட்டலா என்று அவள் கூனிக்குறுகிப் போனாள்.

இப்போது சொல்லுங்கள். சபையில் தவறை ஒப்புக்கொண்ட மரகதவல்லி, பழியைத் தன்னோடு வைத்துக்கொண்டு பேசாமலிருந்த பூவராகன், கூப்பிட்டும் வராத செல்லக்கனி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: செல்லக்கனிதான். அவள் கோபித்துக்கொண்டு வராமலிருக்கவில்லை. மண்டபம் கைதட்டிய நேரத்தில் புறவழிச்சாலை வெயிலில் கீரை விற்றுக்கொண்டிருந்தாள், அன்று சந்தை. முன்பு கருத்துக் கேட்டார்களே, அன்றும் சந்தைதான். பூவராகன் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அவர் பேசாமலிருந்ததால் சந்தையில் யாருக்கும் நிழல் கிடைத்துவிடவில்லை. மரகதவல்லி நல்லவள். ஆனால் முன்பு வராதவர்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதினாள், இப்போது வராதவளுக்கு மன்னிக்க மனசில்லை என்று பேசினாள். இரண்டு தடவையும் அடுத்தவர் வாயாகத் தானே பேசிவிட்டாள். மறுநாள் தெருவில் குரல் கேட்டதும் முதல்முறையாகக் கதவைத் திறந்து கீரை வாங்க வந்தாள். “நேத்து வர முடியாமப் போச்சும்மா, சந்தைல்லா? தப்பா நெனைச்சிக்கிடாதீங்க” என்றாள் செல்லக்கனி. நீட்டிய கட்டை வாங்க மரகதவல்லிக்குக் கை கூசியது.