பேச்சிக்கனியின் மூச்சு

கபடி ஆடுகிறவளுக்கு வயிறும் மூச்சும் ஒழுங்காக இருக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம், "கபடி கபடி" என்று எதிரணிக்குள் பாடிப்போவதில் கெட்டிக்காரியான பேச்சிக்கனிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கடவுளுக்கு மனசு வரவில்லை.

முதலில் வயிறு. குடல் புண்ணாகி ரத்தமாகப் போகும் வியாதி. ஆட்டத்தின் நடுவே கோட்டைத் தாண்டிக் கழிப்பறைக்கு ஓடுவாள். "எதிரணி தொடாமலே அவுட்டு, நேயர்களே!" என்று ரேடியோ வர்ணனையாளர் குரலில் லூர்து சொல்ல, மைதானமே சிரிக்கும். லூர்து மாற்று ஆட்டக்காரி. பேச்சி விழுந்தால்தான் அவளுக்கு இடம். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவாள்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில், சில வாரத்துக்கு ஒன்றாக, பயாலஜிக் என்ற புதுவகை ஊசி போட்டார்கள். புண் ஆறியது. பேச்சி பிரியாணி தின்றாள், ஜெயித்தாள். ஒரு தடவை துணைக்குப் போன லூர்து விடுதிக்குத் திரும்பி டாக்டரம்மாவாகவே மாறினாள்: "அபூர்வமா இந்த மருந்து நுரையீரலைத் தாக்கும்மா. வறட்டு இருமல், மூச்சிரைப்புன்னா உடனே வந்துரணும், என்ன?" பேச்சியும் அவள் உயிர்த்தோழி வடிவும் புரண்டு புரண்டு சிரித்தார்கள்.

சில மாதத்தில் பேச்சிக்கு வறட்டு இருமல் வந்தது.

"சொன்னா ஊசிய நிறுத்திருவாவ. மறுபடியும் கக்கூஸுக்கு ஓடணுமாட்டி? மாநில அணித் தேர்வு முடியட்டும். யார்ட்டயும் சொல்லாத" என்று வடிவிடம் கெஞ்சினாள்.

வடிவு சத்தியம் செய்தாள். கபடிப் பாட்டின் நடுவே பேச்சிக்கு மூச்சு அறும் இடத்தில் ஓங்கிக் கைதட்டிக் கூச்சல் போடுவாள், நடுவருக்குக் கேட்காது. லூர்துவின் காதுக்கு அது தப்பவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இப்போதே சொன்னால் தேர்வுக்குள் குணமாகி வந்துவிடுவாளே!

தேர்வு நாளன்று லூர்து தேர்வாளர்கள் முன் எழுந்தாள். "ஐயா, இவ பாட்டக் கேளுங்க." பேச்சியின் குரலிலேயே பாடினாள்: "கபடி கபடி கப... ஹக்... டி." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தேர்வாளர் பேச்சியைத் தனியாகப் பாடச் சொன்னார். பாதியிலேயே உதடு நீலம் பாய்ந்து சரிந்தாள். இடம் லூர்துவுக்கு.

"ஊசியால நுரையீரல்ல அழற்சி. அடுத்த ஊசியும் போட்டிருந்தா தேறியிருக்க மாட்டா" என்றார் டாக்டரம்மா. ஊசி நின்றது. மூச்சு மெல்லத் திரும்பியது. குடல் புண்ணும் திரும்பியது.

கட்டிலருகே சண்டை. "ஊரு சிரிக்க வச்சிட்டியேட்டி, மூதேவி!" என்றாள் வடிவு.

"நான் சிரிக்க வச்சேன், மூச்சு விடுதா. நீ கைதட்டிக்கிட்டே பாடையில ஏத்தியிருப்ப" என்றாள் லூர்து.

பேச்சி ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள். "என் உயிரு, என் ஊசி. ஒங்கள யாருட்டி கேட்டா?"

நோயை மறைத்த பேச்சி, சத்தியத்தைக் காத்த வடிவு, கேலி செய்து பிழைக்கவைத்த லூர்து. இதில் யார் செய்தது சரி?

விடை: லூர்து என்று சொன்னவர்கள் அவசரப்பட்டார்கள். விஷயம் தெரிந்தும் அவள் காத்திருந்தது தனக்கு இடம் கிடைப்பதற்காக. வடிவின் அன்போ ஒரு ஆளையே புதைக்கப் பார்த்தது. பேச்சி செய்ததும் சரியில்லைதான். ஆனால் அவள் பணயம் வைத்தது தன் நுரையீரலை. மற்ற இருவரும் அடுத்தவள் நுரையீரலை வைத்து ஆடினார்கள். ஆகவே மூவரில் குற்றம் குறைந்தவள் பேச்சி. லூர்து இப்போது மாநில அணியில் ஆடுகிறாள். நன்றாகவே ஆடுகிறாள். அதைத்தான் பேச்சியால் தாங்க முடியவில்லை.