எண்ணெய் வராத ஓட்டை

விருதுநகர் எண்ணெய் வியாபாரி தவசிலிங்கத்துக்கு எவனைப் பார்த்தாலும் சந்தேகம். புதுவீட்டுச் சாக்கடைக் குழாயிலிருந்து கிளம்பி, மொட்டைமாடியில் வாயைத் திறந்துகொண்டு ஒரு குழாய் நின்றது. "சொட்டுத் தண்ணி போகலை, இது பிளம்பர் பித்தலாட்டம்!" என்று அதைச் சிமெண்டால் அடைத்தார்.

மறுநாள் சிங்க் களக் களக்கென்றது. வீடெல்லாம் சாக்கடை நாற்றம். சாயங்காலம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"வேணும்னே கெடுத்திருக்கே!" என்று பிளம்பர் கொடிவீரன்மேல் பாய்ந்தார்.

"முதலாளி, ஒரு டின்னைத் திறந்து எண்ணெய் ஊத்துங்க."

தவசிலிங்கம் கைப்பழக்கத்தில் டின்னின் தலையில் எதிரெதிரே இரண்டு ஓட்டை குத்திச் சாய்த்தார். எண்ணெய் தங்குதடையில்லாமல் இறங்கியது.

"மேல் ஓட்டையில சொட்டு எண்ணெய் வரலையே, அது எதுக்கு?"

"காத்து உள்ளே போகலைன்னா எண்ணெய் எப்படிடா…" என்றவர் மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தார்.

உளியோடு மாடியேறினார். குழாயை அடைத்தது யாரென்று மட்டும் அன்று அவர் எவனையும் சந்தேகப்படவில்லை.