எதிரே வரும் விமானம்

குரு என்றால் தாடி வேண்டும், தள்ளாத வயது வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் ரோஸ்லினைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அவளுக்கு இருபத்தொன்பது வயது. வாரத்தில் ஐந்து நாள் தோப்புகளுக்கு டிரோனில் மருந்து அடிப்பாள். சனி, ஞாயிறு மட்டும் கிணத்துக்கடவு போகிற வழியில், ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்களைக் கட்டவும் ஓட்டவும் கற்றுக் கொடுத்தாள்.

சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தைந்து. அரசு பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷம் ஓட்டி, அவர் வண்டியால் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட அடிபட்டதில்லை. போன தை மாதம் கண் டாக்டர் அவருக்குப் பக்கப் பார்வை சுருங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அன்றோடு ஸ்டீயரிங் போயிற்று. டிப்போவில் ஒரு மேஜை கொடுத்து, எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுதச் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"என்ன வேணுங்ண்ணா?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

"ஓட்டணும் அம்மணி."

"எதைங்க?"

"எதையாச்சும். வூட்டுல ஸ்கூட்டர் சாவியைக்கூட ஒளிச்சு வெச்சுட்டாங்க. இதுவும் ஆகலைன்னா நான் ஓட்டறதுக்கு இனி உலகத்துல ஒண்ணும் இல்லை."

ரோஸ்லின் நீளமான நேர் றெக்கை வைத்த ஒரு விமானத்தைக் காட்டினாள். புதிதாக வருகிறவர்கள் அதில்தான் பழகுவார்கள். சென்னியப்பன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில் ஜெட் விமானப் படம் போட்ட அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அவர் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"அது வேகமாப் போகுங்ண்ணா."

"நான் என்ன இத்தனை வருஷம் சைக்கிளா ஓட்டிட்டிருந்தேன்?"

அவள் பெட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தாள். பிரித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் நுரைத் துண்டுகள், கம்பிகள், ஒரு பொட்டலம் திருகாணி. மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"விமானம் எங்கம்மணி?"

"இதுதானுங்க."

"ஓட்டறவன் எதுக்குக் கட்டணும்? பஸ்ஸை நானா கட்டினேன்?"

ரோஸ்லின் பசை டியூபை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கட்டக் கட்ட, சென்னியப்பனுக்குக் கேள்வி பிடித்துக்கொண்டது. ஒரு துண்டு எடுத்தால் ஒன்பது கேள்வி. தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கறுப்பு மோட்டார் இருந்தது. பெயர் சர்வோ. அதிலிருந்து ஒரு கம்பி போய் றெக்கையின் பின் ஓரத்துப் பட்டையை ஏற்றி இறக்கும். ஒரு பக்கத்துப் பட்டை ஏறினால் மறுபக்கம் இறங்கும், விமானம் ஒரு பக்கமாகச் சாயும்.

"ஏனுங், சாஞ்சா விழுந்துராது?"

"சாயாம திரும்ப முடியாதுங்ண்ணா."

"சரி, பிரேக் எங்க?"

"இல்லைங்க."

"பிரேக் இல்லாம எப்படி நிக்கும்?"

"நிக்காது. நின்னா விழுந்துரும்."

அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் ஓட்டினார். டிப்போ மெக்கானிக் முதல் டீக்கடைக்காரர் வரை பிடித்து நிறுத்தி, பிரேக்கே இல்லாத வண்டி ஒன்று கட்டுகிறேன் என்று சொன்னார். கேட்டவர்கள் அவருக்குக் கண் மட்டும்தான் கெட்டதா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

இன்னொரு நாள், விமானத்தின் வயிற்றுக்குள் வைக்கிற காற்றாடியைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தார்.

"இத்துனூண்டு காத்தாடி இத்தாம் பெரிய உடம்பை எப்படித் தூக்கும்?"

ரோஸ்லின் காற்றாடியைப் பொருத்தி, பேட்டரியை மாட்டி, விமானத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ரிமோட்டின் இடது குச்சியை ஒரு விரற்கடை மேலே தள்ளினாள். கொட்டகை முழுக்க ஒரு சீறல் கேட்டது. விமானம் கயிறு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அவர் கையை முன்னால் இழுத்தது.

"அட என்ற சாமி!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

மூன்றாம் மாதம், எல்லாம் பொருத்தியாயிற்று. றெக்கைப் பட்டைகள் சரியான அளவுக்கு ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் பாக்கி. விமானம் மேஜைமேல் இருந்தது. சென்னியப்பன் அதன் வாலுக்குப் பின்னால் ரிமோட்டோடு நின்றார். வலது குச்சியை இப்படி அப்படித் தள்ளினால் றெக்கைப் பட்டை அசையும். ரோஸ்லின் றெக்கைப் பக்கம் குனிந்து ஸ்கேலை வைத்தாள்.

"லெஃப்ட்டுங்ண்ணா."

அவர் தள்ளினார். அவள் அளந்தாள்.

"சரி. ரைட்!"

கண்டக்டர் 'ரைட்' என்றால் வண்டியை எடு என்று அர்த்தம். இது நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பக்கமாவது, திசையாவது! முப்பத்தோரு வருஷம் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும், இவர் கால் அமுக்கும். இப்போது காலுக்குப் பதில் கட்டைவிரல் அமுக்கியது. இடது குச்சி ஒரே தள்ளாக உச்சிக்குப் போயிற்று.

விமானம் மேஜையிலிருந்து பாய்ந்து ரோஸ்லினின் முன்கையைக் கீறிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. ஒரு றெக்கை பாதியில் முறிந்து தொங்கியது. அவள் கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

சென்னியப்பன் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுமில்லைங்ண்ணா, தோல்தான். மோட்டார் ஒயரைக் கழட்டிட்டுத்தான் அளந்திருக்கணும். அது என் தப்பு" என்றாள் ரோஸ்லின், காயத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே.

"என்ற வண்டியில இதுவரைக்கும் யாருக்கும் ரத்தம் வந்ததில்லை அம்மணி."

"தெரியுங்க."

"அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனை வருஷம் காலை அமுக்கினேன். இந்தக் காதைக் கழட்டிப்போட்டு வேற காது மாட்ட முடியுமா?"

அவள் காயத்தைக் கட்டி முடிப்பதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. ரோஸ்லின் போன் செய்து கூப்பிடவில்லை. டிப்போவில் அவர் பாட்டுக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே ஒவ்வொரு பஸ் கிளம்பும்போதும் "ரைட்... போலாம் ரைட்" என்று குரல் வந்தது. ஒவ்வொரு தடவையும் மேஜைக்கு அடியில் அவர் வலது கால் தரையை அமுக்கியது. அதைக் குனிந்து பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மணி, கையி ஆறிப்போச்சுங்களா?"

"ஆறிருச்சுங்ண்ணா."

"அந்த றெக்கை ஒட்டுமா?"

"ஒட்டும்."

அவர் உட்கார்ந்து ஒட்டினார். முறிவுக்குள் ஒரு மூங்கில் குச்சியை வைத்து, பசை தடவி, நூலால் சுற்றினார். நடுவில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு ரோசனை வெச்சிருக்கறேன். தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இனி நமக்கு அந்த இங்கிலீஷே வேண்டாம். சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு சொல்லிக்கலாம். அதுல எனக்குக் குழப்பமே வராது."

ரோஸ்லினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்கேலை எடுத்தாள்.

"சோத்தாங்கை!"

வலது பட்டை ஏறியது.

"பீச்சாங்கை!"

இடது பட்டை ஏறியது. நாற்பது தடவை சொல்லிப் பார்த்தார்கள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. சென்னியப்பன் முகத்தில் பெருமை தாங்கவில்லை. சிக்கல் தீர்ந்தது என்று அவர் நினைத்தார். குரு ஸ்கேலை அலமாரியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மனை பிரித்துப் போட்டு விற்காமல் கிடந்த ஓர் இடத்துக்குப் போனார்கள். வீடுகள் வரவில்லையே தவிர, தார்ரோடு மட்டும் பளபளவென்று இருந்தது. ரோஸ்லின் இரண்டாவது ரிமோட் ஒன்றை எடுத்தாள்.

"இதுல ஒரு பட்டன் இருக்குதுங்ண்ணா. நான் அதை அமுத்திப் பிடிச்சிருக்கற வரைக்கும் வண்டி உங்க கையில. விட்டேன்னா என் கைக்கு வந்துரும்."

"டிரைவிங் ஸ்கூல் கார்ல வாத்தியார் காலடியில ஒரு பிரேக் இருக்குமே, அது மாதிரி?"

"அதேதான்."

அவள் ஓடவிட்டு ஏற்றினாள். ஒட்டுப்போட்ட றெக்கையோடு அந்தச் சாம்பல் விமானம் தென்னை உயரம் போய், இன்னும் மேலே போயிற்று. நேராக நிமிர்ந்ததும் பட்டனை அமுக்கினாள்.

"உங்க கையிலங்ண்ணா."

சென்னியப்பன் குச்சியைப் பிடித்தார். விமானம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாகப் போனது. சோத்தாங்கைப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் சாய்ந்தது. பீச்சாங்கைப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் சாய்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்டது. ஓட்டுகிறேன், நான் ஓட்டுகிறேன் என்று அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிறகு அது வட்டமடித்துத் திரும்பியது. முதுகு போய் மூக்கு தெரிந்தது. நேராக அவரைப் பார்த்து வந்தது.

பனைமரம் இருந்த பக்கமாக ஒரு றெக்கை தாழ்ந்தது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? குச்சியை மறுபக்கம் தள்ளினார். றெக்கை இன்னும் தாழ்ந்தது. இன்னும் பலமாகத் தள்ளினார். விமானம் பனைமரத்துப் பக்கமாகச் சரியத் தொடங்கியது.

"அம்மணி, சோத்தாங்கையா, பீச்சாங்கையா?"

ரோஸ்லின் பட்டனை விடவில்லை.

"வாங்கிக்குங்க அம்மணி! போச்சு, போச்சு!"

"எந்த றெக்கைங்ண்ணா கீழ இருக்குது?"

"பனைமரத்துப் பக்கம்!"

"குச்சியை அந்தப் பக்கமே கொண்டு போங்க. தாழ்ந்த றெக்கைக்கு அடியில முட்டுக் கொடுக்கற மாதிரி."

தாழ்ந்த பக்கமே தள்ளினால் தரையில் குத்திவிடும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனாலும் தள்ளினார். றெக்கை நிமிர்ந்தது. விமானம் மட்டமாகி, அவர் தலைக்கு மேலே சீறிக்கொண்டு கடந்து போயிற்று. அவர் கழுத்தை வளைத்து அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வாங்கிட்டீங்களா அம்மணி?"

"இல்லைங்ண்ணா. இப்பவும் உங்க கையிலதான் இருக்குது."

மறுபடி திரும்பி வந்தது. மறுபடி ஒரு றெக்கை தாழ்ந்தது, இந்தத் தடவை வேலி இருந்த பக்கம். அவர் வேலிப் பக்கம் குச்சியைக் கொண்டு போனார். நிமிர்ந்தது. நான்கு சுற்று முடிந்ததும் ரோஸ்லின் பட்டனை விட்டு, தன் ரிமோட்டில் விமானத்தை ரோட்டில் இறக்கினாள்.

சென்னியப்பன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

"பஸ்ஸுக்குள்ள உக்காந்திருந்தப்ப, எது எந்தப் பக்கம்னு நான் ஒரு நாளும் குழம்பினதில்லை அம்மணி. வண்டி திரும்பினா நானும் கூடத் திரும்புவேன். இப்ப அது மட்டும் திரும்புது. நான் நின்ன இடத்துலயே நிக்கறேன். எதிர வந்தா அதோட சோத்தாங்கை எனக்குப் பீச்சாங்கை ஆயிருது." தோள் துண்டைக் கையில் எடுத்தார். "என்னை எறக்கி விட்டுட்டாங்கல்ல."

ரோஸ்லின் விமானத்தின் சக்கரத்தில் சிக்கியிருந்த புல்லை எடுத்துக்கொண்டிருந்தாள். பழைய பேட்டரியைக் கழற்றி, இன்னொன்றை மாட்டினாள்.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சரி, அதை விடுங்க. மொதல்ல விழப் பார்த்துச்சே, அப்ப நான் தள்ளி நிமித்துனது எந்தக் கைப்பக்கம்? அதையாச்சும் சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"எனக்குத் தெரியாதுங்ண்ணா."

"தெரியாதா? பத்து வருஷமா ஓட்டறீங்க, தெரியாதுன்னா எப்படி?"

ரோஸ்லின் ரிமோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"சாயறதைத் தாங்கப் போற கை, நான் எந்தக் கைன்னு கேட்டுட்டுத்தான் போகுமாங்ண்ணா?"