கதவுப் பக்கத்துப் பலகை

பிரமநாயகம் அண்ணாச்சி அன்று சாயங்காலம் உலகம்மை வீட்டுக்குப் போனது தியானத்தில் உட்கார இல்லை. தன் மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடத்தான் போனார்.

அம்பாசமுத்திரத்தில் வாய்க்கால் கரையை ஒட்டிய வீடு அது. அங்கே உட்கார வருகிறவர்கள் ஆளுக்கொரு பலகை கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். எல்லாரும் கிழக்கே பார்த்து ஒரே வரிசை. நடுவில் உலகம்மை. பலகை கிடக்கிற வரைக்கும் ஆள் உண்டு. பலகையை எடுத்துவிட்டால் அந்த ஆள் இனி வரமாட்டார் என்று அர்த்தம்.

உலகம்மை அண்ணாச்சியைவிட வயதில் நன்றாக இளையவர். "தங்கச்சி வயசுப் பொம்பளையா வேய் உமக்குக் குரு?" என்று கடைத்தெருவில் கேலி பண்ணாத ஆளில்லை. மனுஷன் அசரவில்லையே! ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு, பொழுது சாய்ந்தால் நேரே அங்கேதான். உலகம்மைக்கு வலப்பக்கம், ஜன்னலோரம் அவர் இடம். மூத்த சீடருக்குரிய இடம் அது.

போன வருஷம் அவருடைய இடது காதின் நரம்பில் ஒரு கட்டி என்றார்கள். ஆபரேஷன் ஆயிற்று. கட்டி போய்விட்டது. "உயிருக்குப் பயமில்லை. மிச்சம் இருக்கிறதைப் பழகிக்கிடணும்" என்றார் டாக்டர்.

மிச்சம் கொஞ்சமா? இடது காது சுத்தமாகக் கேட்காது. யார் என்ன சொன்னாலும் "என்னது, என்னது" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. இடது கண் முழுசாக மூடாது, அடிக்கடி சொட்டு மருந்து. காபி குடித்தால் கடைவாயில் வழியும். நடந்தால் உடம்பு சுவர்ப் பக்கம் சாயும். இத்தனையும் போதாதென்று, கேட்காத அந்தக் காதுக்குள்ளேயே ஓயாத இரைச்சல். மற்றதையெல்லாம் அண்ணாச்சி எப்படியோ பொறுத்துக்கொண்டார். இரைச்சல்தான் அவரை உடைத்துப் போட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே வந்தவர் ஜன்னலோரம் பார்த்தார். அங்கே வேறு யாருடைய பலகையோ கிடந்தது. அவருடையது உலகம்மைக்கு இடப்பக்கம், கதவோரம் கிடந்தது.

சுருக்கென்றது அவருக்கு. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தால் இடம்கூடப் போய்விடுமா?

மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. உலகம்மை மட்டும் தன் இடத்தில் இருந்தார்.

"வாங்க அண்ணாச்சி."

"உட்கார வரல. பலகைய எடுத்துட்டுப் போக வந்தேன். செருப்புக்குக் காவல் இருக்கிற வேலை நமக்குத் தோதுப்படாது."

"எடுத்துக்கிடலாம். நின்னா உடம்பு தள்ளும், செத்த நேரம் உட்காருங்க."

கதவோரப் பலகையிலேயே உட்கார்ந்தார்.

"இடத்துக்காகவா போறீங்க?"

"இல்லம்மா." குரல் இறங்கிவிட்டது. "எனக்கு அமைதி போயிட்டு. கண்ண மூடினா, அதுவும் ஒரு கண்ணுதான் மூடுது, குக்கர் விசில் அடிக்கப் போற மாதிரி ஒரே இரைச்சல். இதோட உட்கார்ந்து நான் என்னத்தத் தியானம் பண்ண? அந்தக் காலத்துல இந்த வீட்டுல என்ன அமைதி இருந்துச்சு! அதுக்குத்தான் ஏங்குதேன்."

"எப்படி இருந்துச்சு? சொல்லுங்களேன், கேப்போம்."

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார்.

"வாய்க்கால்ல தண்ணி நெறஞ்சு போகும். ஆனி ஆடியில சாரல் வந்து முகத்துல விழும். பின்னால மில்லுல நெல்லு அவிக்கிற வாசனை அப்படியே உள்ள வரும். மனசு ஒரு அசைவு அசையாது. அந்த நாளெல்லாம் இனி எங்க வரப் போவுது?" வலது கண் மட்டும் கலங்கியது.

"எந்த மில்லு?"

"இதென்ன கேள்வி! ரைஸ் மில்லுதான். மூடிப்போட்டானே, அது."

"அப்ப ஓடுச்சா, சும்மா கிடந்துச்சா?"

"சும்மாவா? சாயங்காலம் பூரா ஓடும். தட தடன்னு சுவரெல்லாம் அதிரும். நீங்க பேசுறதே..."

அண்ணாச்சி ஜன்னலிலிருந்து பார்வையை எடுத்தார்.

"வந்த முதல் வாரமே இதே பலகையத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் போனது யாரு?" என்றார் உலகம்மை. "'இந்தச் சத்தத்துல மனுஷன் உட்காருவானா'ன்னு ஏசினது யாரு?"

"நான்தான்."

"பெறகு மில்ல மூடினான். அப்ப என்ன சொன்னீங்க?"

அண்ணாச்சிக்கு வெட்கமாகிவிட்டது. "வீடே வெறிச்சுன்னு கெடக்கு, உட்கார முடியலன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. ஆபரேஷனுக்குப் பிறகு இன்னொருவர் முன்னால் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். உடனே துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

மூடியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது வேற, இது வேறம்மா! மில்லு வெளிய இருந்துச்சு. ராத்திரியானா சுவிட்ச அமத்திட்டு வீட்டுக்குப் போயிருவான். இது என் மண்டைக்குள்ள ஓடுது. அமத்த ஆளு கிடையாது. இது எப்ப நிக்கும்? அத மட்டும் சொல்லுங்க."

உலகம்மை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மில்லு எப்ப நிக்கும்னு அன்னைக்கும் வாசல்ல நின்னு கேட்டீங்க. நான் என்ன சொன்னேன்?"

அண்ணாச்சி யோசித்தார். "'நிக்காது, நாளைக்கு வாங்க'ன்னீங்க."

"வந்தீங்களா?"

"வந்தேன்."

வாசலில் ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"எல்லாஞ் சரி. என் இடத்த மட்டும் ஏன் மாத்துனீங்க?"

"இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கோமே அண்ணாச்சி, 'என்னது'ன்னு ஒரு தடவையாவது என்னைத் திருப்பிக் கேட்டீங்களா?"

அண்ணாச்சியின் கை தானாக வலது காதுக்குப் போயிற்று.

"இந்த இரைச்சல் நிக்காது. நாளைக்கு வாங்க. ஜன்னலோரம் இருந்தா உங்க கேக்காத காதுல்லா என் பக்கம் இருக்கும்?"